புள்ளி மறைந்தால் நோய் போனதாக அர்த்தமில்லை

கிளவுன் மீன் மேல் இருந்த வெள்ளைப் புள்ளிகள் நாலே நாளில் மறைந்துவிட்டன, இனி மருந்து வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும். இது கிரிப்டோகாரியான் (கடல் மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி நோயைத் தரும் ஒட்டுண்ணி) என்றால் அது சாகவில்லை. மீனை விட்டு உதிர்ந்து, மணலிலும் பாறையிலும் உறை கட்டிக்கொண்டு பெருகுகிறது. உறை வெடித்ததும் ஏராளமான குட்டி ஒட்டுண்ணிகள் மீனைத் தேடி வரும். அப்போது செவுளில் ஏறினால் புள்ளியே தெரியாது, மீன் வேகமாக மூச்சு வாங்குவது மட்டும் தெரியும்.

பவளம் இருக்கும் தொட்டியில் காப்பர் (தாமிர) மருந்தை ஊற்றிவிடாதீர்கள்; பவளம், இறால் எல்லாம் போய்விடும். எல்லா மீன்களையும் (புள்ளி வராததையும்தான்) மணல், பாறை இல்லாத வெறும் தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்தைக் கொடுங்கள். அளவு மருந்துக்கு மருந்து மாறும், தண்ணீரில் காப்பர் எவ்வளவு என்று அளக்கும் டெஸ்ட் கிட் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி சாக, பழைய தொட்டி 76 நாள் மீனில்லாமல் ஓடட்டும். அப்புறம், கிளீனர் இறால் (மீன் மேல் இருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்னும் இறால்) வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.