நாலு மணிக்கு வந்தால் போதுமா?

கேள்வி: ஃபின்லாந்தில் எஸ்போ நகரில் ஐந்து வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் கோவை, கணவர் இந்த நாட்டுக்காரர். இந்த வருடக் கிறிஸ்துமஸ் சாப்பாடு முதல்முறையாக எங்கள் வீட்டில், எட்டுப் பேர். பன்றித்தொடை, மூன்று வகை லாட்டிக்கோ (கிழங்கு, காயை மசித்து ஓவனில் வேக வைப்பது), பீட்ரூட் ரோசொல்லி என்ற சாலட் எல்லாம் நானே செய்யப் போகிறேன். போன வாரம் ஒத்திகை பார்த்தபோது உருளைக்கிழங்கு லாட்டிக்கோ இனிக்கவே இல்லை. சிரப் ஊற்றிச் சமாளித்தேன். கணவர் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார். எங்கே தப்பு? பன்றித்தொடையை எப்படி வேக வைப்பது? மாமனார் ஏப்ரலில் தவறிவிட்டார், மாமியார் ஹாமேன்லின்னாவில் தனியாக இருக்கிறார். வாய் திறந்து எதுவும் கேட்காதவர், 23ஆம் தேதியே வரட்டுமா என்று கேட்டார். பாவம், அவருக்கு எதற்கு வேலை என்று 24 சாயங்காலம் 4 மணிக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் மெச்சும்படி சமைக்க வழி சொல்லுங்கள்.

பதில்: இந்தக் கடிதம் எனக்குப் பழசு. தீபாவளிக்கு வரும், பொங்கலுக்கு வரும், பண்டத்தின் பெயர் மட்டும்தான் மாறும். "கவலைப்படாதீர்கள், எல்லாம் நன்றாக வரும்" என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எழுத மாட்டேன். ஏனென்றால் கிழங்கைப் பற்றி ஆறு வரி எழுதிவிட்டு, போகிற போக்கில் "4 மணிக்கு வந்தால் போதும்" என்று ஒன்று போட்டிருக்கிறீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஐந்து வருடமாக அங்கே இருப்பவருக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? 24ஆம் தேதி 4 மணிக்கு அந்த ஊர்க் கிறிஸ்துமஸில் பாதிக்கு மேல் முடிந்துவிடும். காலையில் அரிசிக் கஞ்சி கிளறி, உள்ளே ஒற்றை பாதாமை ஒளித்து வைத்து, அது யார் கிண்ணத்தில் வருகிறது என்று பார்ப்பார்கள். மதியம் 12 மணிக்கு துர்க்கு நகரத்துப் பால்கனியில் நின்று கிறிஸ்துமஸ் அமைதி அறிவிப்பை வாசிப்பதை நாடே டிவியில் பார்க்கும். அப்புறம் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவார்கள், பனிக்கு நடுவே இடுகாடு முழுக்க விளக்காக இருக்கும். மூன்றேகால் மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். ஆக, நீங்கள் குறித்துக் கொடுத்த நேரத்துக்குள் அந்த அம்மா கஞ்சியைத் தனியாகக் குடித்து, டிவியைத் தனியாகப் பார்த்து, புருஷன் போன முதல் வருடம் அவர் கல்லறையில் தனியாக மெழுகுவத்தி ஏற்றி, இருட்டில் ரயில் பிடித்து வந்து சேர வேண்டும். ஒற்றை ஆள் தனக்கே கஞ்சி கிளறினால் பாதாம் யார் கிண்ணத்தில் வரும், சொல்லுங்கள்.

"பாவம், அவருக்கு எதற்கு வேலை" என்கிறீர்கள். இந்தப் 'பாவம்' எனக்கு நன்றாகவே தெரியும். நானே ஒரு தீபாவளிக்கு என் மாமியாரிடம் "நீங்க சும்மா உட்காருங்க அத்தை" என்று சொன்னேன், பெரிய மனசுக்காரி மாதிரி. மூன்று நாள் உட்கார்ந்தார். அதிரசப் பாகு முறுகிப் போவது கூடத்தில் இருந்தவருக்கு வாசனையிலேயே தெரிந்திருக்கும், எழுந்து வரவில்லை. அடுத்த தீபாவளிக்கு நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டார். வயதானவர்களிடம் ஓய்வெடுக்கச் சொல்வது பல நேரம் அடுக்களைக் கதவைச் சாத்துவதற்கு மரியாதையான பேர், அவ்வளவுதான். உங்களுக்கு எட்டுப் பேர் முன்னால் தனியாகச் செய்து காட்ட வேண்டும் என்ற ஆசை. ஆசை தப்பில்லை, அதை அவர் மேல் இரக்கம் என்று சொல்லாதீர்கள். எதையும் கேட்காத மனுஷி ஒன்று கேட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பையனுக்கும் ஒரு வார்த்தை: அம்மா கேட்டது காதில் விழுந்தும் பேசாமல் இருந்தீர்களே ஐயா, லாட்டிக்கோ ஒரு கரண்டிக்கு மேல் இறங்காதது மட்டும் எப்படித் தெரிந்தது?

சரி, கிழங்குக்கு வருவோம். அந்த லாட்டிக்கோவுக்கு இனிப்பு வெளியிலிருந்து வருவதில்லை. மசித்த கிழங்கில் கோதுமை மாவைக் கலந்து, மூடி, இளஞ்சூட்டில் பல மணி நேரம் வைத்தால் மாவில் இருக்கும் நொதி கிழங்கின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். கெட்டியாக இருந்த மசியல் தானாக இளகி, கூழ் மாதிரி ஆகும். நீங்கள் கொதிக்கக் கொதிக்க மாவைப் போட்டிருப்பீர்கள், நொதி அங்கேயே செத்திருக்கும். 75 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, 50க்குக் கீழேயும் இறங்கக் கூடாது. பாலுக்கு உறை ஊற்றும் முன் விரல் விட்டுப் பார்ப்போமே, அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு. முதல் நாள் சாயங்காலம் மாவு கலந்தால் ராத்திரிக்குள் இனித்துவிடும். அப்புறம்தான் பால், வெண்ணெய், உப்பு. ஓவனில் 150 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம்.

இது எந்தப் பக்கத்துப் பண்டம் தெரியுமா? ஹாமே பக்கத்தது. ஹாமேன்லின்னா எங்கே இருக்கிறது? இந்த லாட்டிக்கோவின் சொந்த ஊர்க்காரி, மாவு கலக்க வேண்டிய அதே 23ஆம் தேதி வரட்டுமா என்று கேட்டிருக்கிறார், நீங்கள் வேண்டாம் என்றுவிட்டு எனக்குக் கடிதம் போடுகிறீர்கள்.

பன்றித்தொடையில் பெரிய வித்தை இல்லை. உறைந்ததை வாங்கினால் 20ஆம் தேதியே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள், உருக மூன்று நாலு நாள் ஆகும். 23 ராத்திரி குறைந்த சூட்டில் ஓவனில் விட்டுவிட்டு, மணியைப் பார்க்காமல் தெர்மாமீட்டரைப் பாருங்கள். நடுக்கறி 77 டிகிரி தொட்டால் எடுத்து, தோலை நீக்கி, கடுகு விழுது பூசி, ரொட்டித்தூள் தூவி, அதிகச் சூட்டில் கொஞ்ச நேரம். கேரட் லாட்டிக்கோ, லந்து (டர்னிப் மாதிரி ஒரு கிழங்கு) லாட்டிக்கோ இரண்டையும் கடையில் வாங்கினால் குடி முழுகிவிடாது, அங்கே பாதி ஜனம் அதைத்தான் செய்கிறது.

இன்றைக்கே ஃபோன் செய்யுங்கள். "ஹெல்ப்புக்கு வாங்க" என்று வேண்டாம், அதிலும் ஒரு தயவு தொனிக்கும். "எனக்குக் கிழங்கு இனிக்கவில்லை, நீங்கள் வந்தால்தான் ஆகும்" என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதானே. 23 காலையில் உங்கள் கணவர் காரை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வரட்டும். மறுநாள் கஞ்சியும் டிவியும் ஆனதும் அம்மாவும் பிள்ளையும் கல்லறைக்குப் போய் வரட்டும், ஒரு மணி நேரத்துப் பாதைதான். அவர்கள் வரும்வரை ஓவனை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப ஐந்தரை ஆகுமா, ஆகட்டும். சௌனா என்ற வெந்நீராவிக் குளியல் முடித்து ஏழு மணிக்குச் சாப்பிடுங்கள், 4 மணிக்கே இலை போட வேண்டும் என்று எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

ஒன்று மறந்துவிட்டேன். லாட்டிக்கோ பாத்திரத்தை விளிம்புவரை நிரப்பாதீர்கள், பொங்கி வழிந்து ஓவன் முழுக்கக் கருகும். எதுவரை ஊற்றுவது என்று அந்த அம்மா விரல் வைத்துக் காட்டுவார்.