பெயர் போடாத புத்தகங்களும் போய்ச் சேராத பணமும்

கேள்வி: அமெரிக்காவில் 1800களின் தொடக்கத்தில் பெண்கள் எழுதிய பல நூல்களில் 'ஒரு பெண்மணி எழுதியது' என்றுதான் அச்சிட்டிருக்கிறார்களாம். சொந்தப் பெயரைப் போடக்கூடத் துணிவில்லாமல், பொழுதுபோக்காக எழுதியவர்களை முன்னோடிகள் என்று நீங்கள் கொண்டாடுவது ஏன்?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: துணிவில்லை என்ற உங்கள் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. பொழுதுபோக்கு என்றதை அதைவிடவும் ஏற்கவில்லை.

முதலில் பெயர் விஷயம். அந்தக் காலத்து அமெரிக்காவில் பெயரில்லாமலோ புனைபெயரிலோ புத்தகம் போடுவது ஆண்களிடமும் சாதாரண வழக்கம். வாஷிங்டன் இர்விங் 1809இல் தன் நியூயார்க் வரலாற்றை நிக்கர்பாக்கர் என்ற கற்பனைக் கிழவரின் பெயரில் வெளியிட்டார். ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பரின் முதல் நாவல் 1820இல் பெயரே இல்லாமல் வந்தது. இவர்களைக் கோழைகள் என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதையே கேத்தரின் மரியா செட்ஜ்விக் செய்தால் மட்டும் ஏன் துணிவைச் சந்தேகிக்க வேண்டும்? 1824இல் பெயரில்லாமல் வந்த அவருடைய 'ரெட்வுட்' நாவல், பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் கூப்பர் எழுதியதாகவே அச்சானது. அந்த அளவுக்கு மதிப்போடு படிக்கப்பட்ட எழுத்து அது.

பெயர் போட்ட பெண்களும் இருந்தார்கள். சுசன்னா ரௌசனின் 'ஷார்லட் டெம்பிள்' 1794இல் ஃபிலடெல்ஃபியாவில் வந்தபோது, முகப்புப் பக்கத்தில் அவர் பெயரோடு அவர் நடித்த நாடக அரங்கின் பெயரும் இருந்தது. மெர்சி ஓடிஸ் வாரன் 1805இல் அமெரிக்கப் புரட்சியின் வரலாற்றை மூன்று தொகுதிகளாகத் தன் பெயரில் வெளியிட்டார்.

சரி, பொழுதுபோக்கு என்கிறீர்களே, ஹன்னா ஆடம்ஸின் கதையைக் கேளுங்கள். மாசசூசெட்ஸில் மெட்ஃபீல்ட் என்ற ஊர். தந்தைக்குப் புத்தகப் பைத்தியம், வியாபாரம் நொடித்துவிட்டது. புரட்சிப் போர்க் காலத்தில் ஹன்னா லேஸ் பின்னிப் பிழைத்தார். போர் முடிந்ததும் அந்த வருமானமும் போயிற்று. உலகத்துச் சமயப் பிரிவுகளைப் பற்றித் தான் படித்துக் குறித்து வைத்திருந்ததை 1784இல் நூலாக்கினார். அப்போதெல்லாம் முன்பதிவுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டுதான் புத்தகம் போடுவார்கள். 400க்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்தார்கள், பிரதிகள் விற்றன. ஆனால் அச்சகத்தார் போட்ட ஒப்பந்தத்தில் ஹன்னாவுக்குக் கிடைத்தது வெறும் 50 பிரதிகள். அதையும் அவரே விற்றுக்கொள்ள வேண்டும். லாபம் முழுக்க அச்சகத்தாருக்குப் போனது.

அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. அடுத்த பதிப்புக்குத் தானே பேரம் பேசினார். 1791இல் வந்த அந்தப் பதிப்பு, கடனை அடைத்துக் கொஞ்சம் சேமிக்கவும் உதவியது. அப்புறம் நியூ இங்கிலாந்து வரலாறு எழுதினார். பழைய ஆவணங்களை மாதக்கணக்கில் படித்ததில் கண் பார்வை கெட்டது. அந்த நூலைப் பள்ளிகளுக்காகச் சுருக்கி வெளியிடத் திட்டமிட்டபோது, ஜெடிடயா மோர்ஸ் என்ற செல்வாக்குள்ள பாதிரியார் அதே விஷயத்தில் ஒரு பள்ளி நூலோடு சந்தைக்கு வந்தார். தகராறு பத்து வருடம் இழுத்தது. 1814இல் இருவரும் தங்கள் தரப்பைப் புத்தகமாகவே அச்சிட்டார்கள். பார்வை மங்கிய, கல்யாணமாகாத, கையில் பணமில்லாத ஒரு பெண், நாடறிந்த பாதிரியாரைப் பொதுவில் எதிர்த்து நின்றிருக்கிறார். இதைப் பொழுதுபோக்கு என்று எப்படிச் சொல்வது?

அவர்கள் பெயரை ஏன் மறைத்தார்கள் என்று கேட்பதைவிட, பணம் யார் கைக்குப் போனது என்று கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் 1790ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 14 ஆண்டு உரிமை தந்தது, இன்னொரு 14 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் மட்டும்தான். ரௌசனின் நாவல் முதலில் 1791இல் லண்டனில் வெளிவந்தது, அவர் அமெரிக்காவுக்கு வந்தது 1793இல். ஆக, அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் அதை அச்சிடலாம், அவருக்கு ஒரு சென்ட் தரவேண்டிய கட்டாயமில்லை. பதிப்பாளர் மாத்யூ கேரி 1812இல் அவருக்கு எழுதிய கடிதத்தில், விற்பனை 50,000 பிரதிகளைத் தாண்டிவிட்டது என்கிறார். மக்கள்தொகை சுமார் 72 லட்சமாக இருந்த நாட்டில்! அதை எழுதியவரோ பாஸ்டன் பக்கம் பள்ளிக்கூடம் நடத்திப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

திருமணமான பெண்ணுக்கு இன்னொரு பூட்டும் இருந்தது. அவள் சம்பாத்தியம் சட்டப்படி கணவனுடையது. மாசசூசெட்ஸில் இது மாற 1855 வரை ஆயிற்று. கவிஞர் லிடியா சிகோர்னி 1819இல் ஹார்ட்ஃபோர்ட் வியாபாரி ஒருவரை மணந்தார். மனைவியின் பெயர் அச்சில் வருவது கணவருக்குப் பிடிக்கவில்லை, அதனால் பெயரில்லாமல் எழுதினார். 1830களில் கணவரின் வியாபாரம் சரிந்து வீட்டுக்குப் பணம் தேவைப்பட்ட பிறகு, நூல்களில் அவர் பெயர் மறுபடி வந்தது. இதில் துணிவு குறைந்தவர் யார்?

லிடியா மரியா சைல்டைப் பற்றி நான் கொஞ்சம் கோபமாகவே பேசுவேன். 22 வயதில், 1824இல், முதல் நாவலை 'ஒரு அமெரிக்கர்' என்ற பெயரில் வெளியிட்டவர். 1829இல் அவர் எழுதிய சிக்கன இல்லறக் கையேடு பதிப்பு பதிப்பாக விற்றது. கடனாளிக் கணவரின் குடும்பம் அவர் எழுத்தில்தான் ஓடியது. குழந்தைகளுக்கான அவர் பத்திரிகைக்கும் நல்ல ஆதரவு. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு, 1833இல் அடிமை முறையை உடனே ஒழிக்க வேண்டும் என்று ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அதற்குப் 'பெண்மணி' என்றோ 'அமெரிக்கர்' என்றோ போடவில்லை. திருமதி சைல்ட் என்று போட்டு, மக்களுக்குப் பிடித்த தன் பழைய நூல்களின் பெயர்களையும் கீழே அடுக்கினார். பாஸ்டன் அதீனியம் நூலகம் அவருக்குக் கொடுத்திருந்த சலுகையைப் பறித்தது. சந்தாதாரர்கள் விலகினார்கள். 1834இல் பத்திரிகையைக் கைவிட வேண்டியதாயிற்று. ஆபத்தில்லாத நாவலில் பெயரை விட்டவர், எல்லாம் போய்விடும் என்று தெரிந்த நூலில் பெயரைப் போட்டார். உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

கறுப்பினப் பெண்களுக்கு இந்தக் கதவுகூடத் திறக்கவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்த ஜெரீனா லீ, தன் வாழ்க்கையை 1836இல் 38 டாலர் செலவில் 1,000 பிரதிகள் அச்சிட்டு, கூட்டங்களில் தானே விற்றார். பதிப்பாளர் என்று யாரும் இல்லை.

நம் பக்கம் ஒரு புத்தகமும் உண்டு. வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதியை நமக்குத் தெரியும். அதைத் தொகுத்த மிரன் வின்சுலோவின் மனைவி ஹாரியட், கனெக்டிகட்டிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியை 1824இல் தொடங்கி நடத்தியவர். 1833இல் உடுவிலிலேயே இறந்தார். அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் கொண்டு ஒரு நூல் 1835இல் நியூயார்க்கில் வந்தது. ஆசிரியர் என்று முகப்பில் இருப்பது கணவர் பெயர். மிஷனரி மனைவியர் எழுதிய பல பக்கங்கள் அப்போது இப்படித்தான் அச்சேறின: அவர்கள் இறந்தபின், வேறொருவர் தேர்ந்தெடுத்து, வேறொருவர் பெயரில்.

ஆகவே கொண்டாடுவதை நிறுத்தமாட்டோம். ஹன்னா ஆடம்ஸ் கடைசிக் காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகள், சகோதரிக்கு உதவட்டும் என்று அவர் விட்டுச்சென்று, 1832இல் வெளியானவை. சின்னப் புத்தகம், பழைய பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். உங்கள் கருத்து அப்போதும் மாறவில்லை என்றால், அந்தக் கடிதத்தையும் இதே பக்கத்தில் போடுகிறேன்.