வளரும் நாடுகள் தங்கள் உணவுப் பாதுகாப்பு விதிகளைச் சர்வதேசத் தரத்தோடு இணைப்பது எப்படி?

கோடெக்ஸ் எனப்படும் சர்வதேச உணவுத் தரங்களை மொழிபெயர்த்து அரசிதழில் போட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சட்டப்படி அது நல்ல தொடக்கம்தான். 1995-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் எஸ்.பி.எஸ். ஒப்பந்தம் (உணவுப் பாதுகாப்பு, விலங்கு, தாவர நலம் பற்றியது), கோடெக்ஸை ஒட்டிய விதியை முறையானதாகவே கருதும். அதைவிடக் கடுமையாக்கினால் அறிவியல் ஆதாரம் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட விதியின் வரைவை மற்ற உறுப்பு நாடுகளுக்கு அறிவித்து, கருத்துச் சொல்லப் பொதுவாக 60 நாள் அவகாசம் தர வேண்டும்.

இடறுவது ஆய்வகத்தில்தான். நிலக்கடலையில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நச்சைப் பாருங்கள். பதப்படுத்தப்போகும் கடலைக்குக் கோடெக்ஸ் வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். நச்சு எல்லாப் பருப்பிலும் பரவியிருக்காது, ஒருசிலவற்றில் குவிந்திருக்கும். அதனால்தான் சரக்கின் பல இடங்களிலிருந்து மொத்தம் 20 கிலோ மாதிரி எடுத்து அரைக்கச் சொல்கிறார்கள். ஒரு கைப்பிடியைச் சோதித்தால் கெட்ட சரக்கும் தேறிவிடும்; இறக்குமதி நாட்டின் துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளும்.

எனவே முதலில் ஆபத்து அதிகமுள்ள இரண்டு மூன்று உணவுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் சோதனைகளுக்கு ஆய்வகம், சோதனைத் திறனுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் பெறட்டும். வரம்பைக் கட்டாயமாக்குவது அதற்குப் பிறகு. ஐரோப்பிய ஒன்றியம் நேரடியாக உண்ணும் கடலைக்கு 4 மைக்ரோகிராம்தான் அனுமதிக்கிறது என்பதற்காக அதையே உள்நாட்டுக்கும் விதிப்பது அவசரம். கழிக்கப்பட்ட சரக்கை அழிக்கவோ எண்ணெய்க்குத் திருப்பவோ வழி இல்லாவிட்டால், அது உள்ளூர்ச் சந்தைக்கே வந்து சேரும்.