கட்டிலுக்கு அடியில் இருபது படங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தேன். இப்போது திருப்பூரில் ஒரு பிரின்டிங் யூனிட்டில் டிசைனர். பகல் முழுக்கக் குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கு டைனோசரும் யூனிகார்னும் வரைகிறேன். ராத்திரியில் எனக்காக வரைந்த இருபது அக்ரிலிக் படங்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன். சேமித்த பணத்தில் சென்னையில் ஒரு வாரம் ஹால் எடுத்துத் தனிக் கண்காட்சி வைக்கலாமா? இல்லை, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கிவிடலாமா? கம்பெனி டிசைன் கையைக் கெடுத்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நீங்கள் ஆர்டருக்கு வரைவதுண்டா? ஸ்டூடியோ எப்படி ஓடுகிறது?

(பெயர் வேண்டாம்), திருப்பூர்

அன்புள்ள தம்பி,

முதல் வேலையாகக் கட்டிலுக்கு அடியில் கிடப்பதை வெளியே எடுங்கள். அக்ரிலிக் காய்ந்துவிட்டாலும் சூட்டில் இளகும். முகத்தோடு முகம் வைத்து அடுக்கினால் சித்திரை வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது ஒன்றின் தோல் இன்னொன்றோடு வந்துவிடும். நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள், படங்களைச் செங்குத்தாகச் சாய்த்து நிறுத்துங்கள். பபிள் ராப் சுற்றினால் குமிழ் உள்ள பக்கம் படத்தைத் தொடக் கூடாது, வட்ட வட்டமாகத் தடம் விழும். பாலித்தீனில் இறுக்கிக் கட்டினால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். விடாதீர்கள். துணிக்கு டிசைன் போடுவது ஓவியனுக்குக் கீழான வேலை என்று உங்கள் நண்பர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. ஓவியர்கள் ஆதிமூலமும் ரெட்டப்ப நாயுடுவும் கைத்தறித் துணிக்கு டிசைன் போடும் அரசு நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர்கள். ஆதிமூலத்தின் கோடு அதனால் கெட்டுப்போனதா? காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த கறுப்பு வெள்ளைக் காந்திகளைத் தேடிப் பாருங்கள். அப்புறம் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ஓவியர் கிராமம், சோழமண்டலம். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் சென்னைக் கலைக் கல்லூரியிலிருந்து வந்த ஓவியர்களும் சிற்பிகளும் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிக் குடியேறினார்களே, அந்தப் பணம் ஓவியம் விற்று வந்ததல்ல. மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாடிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசு. படத்தை மட்டும் நம்பி இங்கே பிழைக்க முடியாது என்று பணிக்கருக்குத் தெரிந்திருந்தது. கைவினை சோறு போட்டால், ஓவியத்தை வாங்குபவர் இஷ்டத்துக்கு வளைக்க வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. இன்றைக்கும் எனக்கு அது சரியான கணக்காகத்தான் படுகிறது.

அதோடு, உங்கள் யூனிட்டில் ஒரு பாடம் சும்மா கிடைக்கிறது. துணியில் அச்சடிக்க ஆறு கலர் என்றால் கலருக்கு ஒன்றாக ஆறு ஸ்கிரீன், ஒவ்வொன்றுக்கும் செலவு. நாலு கலரில் முடித்துக் கொடு என்று முதலாளி சொல்லியிருப்பார். எந்த நிறத்தை எடுத்துவிட்டால் படம் கெடாமல் நிற்கும் என்று யோசிக்கும் பழக்கம் கல்லூரியில் பலருக்கு வருவதில்லை. கெடுதலும் உண்டு, மறைக்க மாட்டேன். கம்ப்யூட்டரில் எல்லா ஓரமும் மூடியிருக்க வேண்டும், மூடினால்தான் உள்ளே கலர் நிரம்பும். அந்தப் பழக்கம் உங்கள் மகாமகக் குளத்துப் படங்களில் வந்துவிட்டது. தண்ணீருக்கும் படிக்கட்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டிய மாதிரி ஓரம் இருக்கிறது.

ஆர்டருக்கு வரைகிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை அதில்தான் போகிறது. கோவை சிங்காநல்லூரில் ஓர் ஓட்டு வீட்டின் மாடி, வடக்கே ஒரு ஜன்னல், அவ்வளவுதான் ஸ்டூடியோ. சட்டத்தில் துணி இழுத்து அடிப்பது, பிரைமர் பூசித் தேய்ப்பது, பார்சல் கட்டுவது, பாக்கிக்குப் போன் போடுவது என்று பாதி நாள் போய்விடும். பள்ளிக்கூடச் சுவர், ஆஸ்பத்திரி வரவேற்பறை எல்லாம் வரும், செய்வேன், சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது முகங்கள்.

காலமான அப்பாவை வரைந்து தரச் சொல்லி வருவார்கள். கையில் இருப்பது ஆதார் கார்டு போட்டோ, இல்லாவிட்டால் கல்யாண குரூப் போட்டோவில் பின்வரிசையில் பாதி மறைந்த தலை. ஃபிளாஷ் அடித்த முகத்தில் மூக்குக்குக் கீழே நிழலே இருக்காது, கண்குழியும் தெரியாது. அப்படியே பார்த்து வரைந்தால் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல இருக்கும். அதனால் வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து வருகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, கேட்க வந்த மகனை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பார்ப்பேன். தாடையும் காதும் பெரும்பாலும் அப்பாவிடமிருந்து வந்திருக்கும். எல்லாம் முடிந்ததும், “நல்லா இருக்குதுங்க, அப்பாவைக் கொஞ்சம் கலராப் பண்ணிருங்க” என்பார்கள். அதற்கு மட்டும் தலையாட்டுவதில்லை. கறுத்த தோலில் வெளிச்சம் படும் இடம் வெள்ளை கிடையாது. நெற்றி மேட்டில் ஆகாயத்தின் நீலம் லேசாக இருக்கும், கன்னத்தின் நிழலில் செம்மண் இருக்கும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் அல்ட்ராமரின் என்ற அடர்நீலத்தையும் அளவு மாற்றி மாற்றிக் கலந்தால் அது கிடைக்கும். வெள்ளையை அள்ளிப் போட்டால் மனிதர் விபூதியில் விழுந்து எழுந்த மாதிரி ஆகிவிடுவார். இப்போது மூடிக் கிடக்கும் மில்களின் சுவர்களை ஒரு வரிசையாக வரைந்துகொண்டிருக்கிறேன். அந்தச் சுவர்களின் பழுப்பு முழுக்க இந்த அப்பாக்களின் கன்னத்தில் கற்றதுதான்.

இனி கண்காட்சி. சென்னை ஹால் இப்போது வேண்டாம். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் நல்ல சுவர்கள் இருக்கின்றன, ஒருநாள் அங்கேயும் மாட்டுவீர்கள். ஆனால் ஊர் பழக்கமில்லாமல் போய் வைத்தால், திறப்பு விழாவுக்குக் கல்லூரி நண்பர்கள் வந்து காபி குடிப்பார்கள், மறுநாளிலிருந்து நீங்களும் வாட்ச்மேனும்தான். வாடகையைவிட பிரேம், வண்டி, தங்குமிடம் என்று போகிற காசு அதிகம்.

அதைவிடப் பெரிய காரணம் உங்கள் இருபது படங்களிலேயே இருக்கிறது. குளம் கொஞ்சம், முகம் கொஞ்சம், அரூபம் கொஞ்சம். ஒரே சுவரில் மாட்டினால் நாலு பேர் சேர்ந்து வைத்த கண்காட்சி என்றுதான் நினைப்பார்கள். ஆனால் கடைசியில் ஏழு படங்கள் இருக்கின்றன பாருங்கள், கட்டிங் வேஸ்ட் குவியல்கள். அவை வேறு ஆள் வரைந்தவை. பனியன் துணி வெட்டிய துண்டுகள் கழுத்து வளைவும் கை வளைவும் விட்டுப்போன ஓட்டைகளோடு குவிந்து கிடப்பதை இப்படி வேறு யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. ஓரங்களும் அங்கே மூடவில்லை. மற்ற பதின்மூன்றையும் எடுத்து வைத்துவிட்டு இதை மட்டும் இன்னும் வரையுங்கள், சுவர் நிறையும்வரை. முதலில் திருப்பூரிலேயே வையுங்கள். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடமாக இருந்தாலும் பரவாயில்லை. கட்டிங் மாஸ்டர் ஒருவர் வந்து, இது எந்த சைஸ் வெட்டிய மிச்சம் என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். சென்னை விமர்சகரிடம் அந்தப் பார்வை கிடைக்காது.

அடுத்து கோவை வாருங்கள். அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர் சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். வேஸ்ட் துணிப் படங்களுக்கு அதைவிடப் பொருத்தமான சுவர் எனக்குத் தோன்றவில்லை.

மாட்டும்போது படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 58 அங்குலம் வாக்கில் வரட்டும். நம்மூரில் எல்லாவற்றையும் சாமி படம் மாதிரி உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள். விலையைச் சதுர அங்குலக் கணக்கில் வையுங்கள், சிறிய படத்துக்குக் கொஞ்சம் கூட்டி. சொந்தக்காரர்களுக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு ஒரு விலை என்று வைக்காதீர்கள். கேலரி விற்றுக் கொடுத்தால் பாதி வரைகூடக் கழிவு கேட்கும், அதையும் சேர்த்தே விலையை யோசியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டூடியோவில்தான் இருப்பேன். வரும்போது அந்த ஏழில் இரண்டைக் கொண்டுவாருங்கள். போட்டோவில் நீலம் எல்லாம் ஒரே நீலமாகத் தெரிகிறது. சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டிக் கொண்டுவருவதாக இருந்தால், வண்ணம் உள்ள பக்கம் வெளியே இருக்கட்டும்.