கார் ரிமோட் சாவி: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, ரிமோட்டின் பேட்டரி வெளியூரில் தீர்ந்துவிட்டால், பொத்தானை அழுத்திக் கிளப்பும் என் கார் அங்கேயே நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. ஒரே பொருளாக நம் கையில் இருந்தாலும், அந்தச் சாவிக்குள் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் உள்ளன. கதவைப் பூட்டித் திறக்கும் ரேடியோ பகுதி பேட்டரியை நம்பி இயங்குகிறது. நம் நாட்டுக் கார்களில் அது பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும். எஞ்சினுக்கு அனுமதி கொடுக்கும் இம்மொபிலைசர் சிப்புக்கோ பேட்டரியே வேண்டாம். காரில் உள்ள கம்பிச்சுருள் எழுப்பும் காந்தப்புலத்திலிருந்தே தனக்கான மின்சாரத்தைப் பெற்றுக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லிவிடும். ஆகவே, ரிமோட்டுக்குள் செருகப்பட்டிருக்கும் உலோகச் சாவியை உருவிக் கதவைத் திறந்து, பிரேக்கை மிதித்தபடி ரிமோட்டை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல கார்கள் கிளம்பிவிடும். சில மாடல்களில் ரிமோட்டை வைக்க வேண்டிய இடம் வேறு என்பதால், கையேட்டில் அந்தப் பக்கத்தை இன்றே படித்துவிடுங்கள். நள்ளிரவில் நெடுஞ்சாலையோரம் நின்றுகொண்டு தேட நேரக் கூடாது.

கேள்வி: பேட்டரியை நானே மாற்றலாமா?

பதில்: தாராளமாக மாற்றலாம். பழைய பேட்டரியில் உள்ள எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். பரவலாக இருக்கும் 2032 என்ற எண், 20 மில்லிமீட்டர் விட்டத்தையும் 3.2 மில்லிமீட்டர் தடிமனையும் குறிக்கிறது. 2025 அதைவிட மெல்லியது என்பதால் அதன் இடத்தில் சரியாகப் பொருந்தாது. ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்: கழற்றிய பேட்டரியை மேசைமேல் விட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், 2 மணி நேரத்திலேயே கடுமையான புண் உண்டாகும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: பேரன் நாள் முழுவதும் வீட்டில் ரிமோட்டை அழுத்தி விளையாடினான். இப்போது கார் கேட்க மாட்டேன் என்கிறது.

பதில்: ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ரிமோட் ஒரு புதிய குறியீட்டை அனுப்பும், ஒருமுறை ஏற்ற குறியீட்டைக் கார் மறுபடி ஏற்காது. காருக்கு எட்டாத இடத்தில் பலமுறை அழுத்தினால், காரின் கணக்கைவிட ரிமோட்டின் கணக்கு வெகுதூரம் முன்னே போய்விடும். காரின் அருகில் நின்று அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை அழுத்திப் பாருங்கள்; பல கார்களில் அதுவே போதும். சரியாகாவிட்டால், பேட்டரியைப் பார்த்துவிட்டு சர்வீஸ் சென்டருக்குச் செல்லுங்கள்.

கேள்வி: சாவி வீட்டுக்குள் இருக்கும்போதே காரைத் திருடுகிறார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். சாவியைச் சட்டைப்பையில் வைத்தபடியே கதவைத் திறக்கும் வசதியுள்ள கார்களுக்கு இந்த ஆபத்து உண்டு. ஒருவர் காரின் அருகிலும் இன்னொருவர் வீட்டுச் சுவரை ஒட்டியும் கருவியோடு நின்று, கார் விடும் அழைப்பைச் சாவிக்கும் சாவியின் பதிலைக் காருக்கும் கடத்திவிடுகிறார்கள். குறியீட்டை உடைக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் நம்பிவிடுகிறது. 2011இல் சூரிச் ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 மாடல்களில் இதைச் செய்து காட்டினார்கள். சாவியை வாசலருகே மாட்டாமல், நன்கு மூடும் உலோக டப்பாவில் வையுங்கள்; டப்பாவோடு காரின் அருகே சென்று, கதவு திறக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே அதை நம்புங்கள். கூடவே ஒரு ஸ்டீயரிங் பூட்டும் போட்டால் எனக்கு நிம்மதி.

கேள்வி: இரண்டு சாவிகளில் ஒன்று தொலைந்துவிட்டது. மீதி ஒன்று இருக்கிறதே, போதாதா?

பதில்: போதாது. கார் திருடுபோனால் காப்பீட்டு நிறுவனம் இரண்டு சாவிகளையும் கேட்பது வழக்கம். காவல் நிலையத்தில் புகார் பதிந்து, அதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள். புதிய சாவியைப் பதிவுசெய்யும்போது, தொலைந்த சாவியைக் காரின் நினைவகத்திலிருந்து நீக்கச் சொல்லிக் கேளுங்கள்.