சக்கரவர்த்தியின் காலைப் பாருங்கள்!

கே: ஆபீஸில் டீம் லீடர் ஆக்கியிருக்கிறார்கள். என் கீழே வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் என்னைவிட வயதில் மூத்தவர்கள். டாரட் (படச் சீட்டு வைத்துப் பலன் சொல்வது) பார்க்கும் தோழி சீட்டு எடுக்கச் சொன்னாள். 'எம்பரர்', அதாவது சக்கரவர்த்தி, தலைகீழாக வந்தது. "அதிகாரம் கையைவிட்டுப் போகும்" என்கிறாள். ராத்திரித் தூக்கமே போச்சு அம்மா.
- வாசகி, கோவை

ப: முதலில் நிம்மதியாகத் தூங்கும்மா. உன் தோழி வைத்திருப்பது அநேகமாக ரைடர்-வெயிட் சீட்டுக்கட்டாகத்தான் இருக்கும். 1909-ல் லண்டனில் வெளிவந்தது. யோசனை ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுடையது. படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். கட்டின் பெயரில் அவருக்கு இடமே கொடுக்காமல் விட்டார்களே என்று எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான்.

அந்த வெயிட்டே எழுதிய விளக்க நூலைப் புரட்டிப் பார். எம்பரர் நேராக வந்தால் நிலைத்தன்மை, வல்லமை, பாதுகாப்பு என்கிறார். தலைகீழாக வந்தால் அவர் முதலில் சொல்வது நல்லெண்ணம்; அடுத்தது இரக்கம். தடை, பக்குவமின்மை எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. சீட்டைக் காட்டிப் பயமுறுத்துவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்போது படத்துக்கு வருவோம். கல் சிம்மாசனம். முதுகுச் சாய்வில் இரண்டு, கைப்பிடிகளில் இரண்டு என நான்கு ஆட்டுக்கடாத் தலைகள். மேஷ ராசி, அதிபதி செவ்வாய். நம்ம ஊர் ஜோதிடமும் அதையேதான் சொல்கிறது. வலக்கையில் செங்கோல், இடக்கையில் உருண்டை, நெஞ்சு வரை வெண்தாடி. சிவப்பு அங்கிக்குக் கீழே காலைப் பார். இரும்புக் கவசம்! எதிரி யாரும் கண்ணில் படவில்லை, உட்கார்ந்திருப்பதோ சொந்தச் சிம்மாசனம். ஆனாலும் மனிதர் கவசத்தைக் கழற்றவில்லை. பின்னால் ஒரு புல்பூண்டு இல்லாத பாறை மலை. அதன் அடிவாரத்தில் மெல்லிய நீரோடை ஒன்று ஓடுகிறது. அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்.

இதற்கு முந்தைய மூன்றாம் எண் சீட்டு எம்ப்ரஸ், மகாராணி. அவள் மெத்தைமேல் சாய்ந்திருக்கிறாள். சுற்றிலும் கோதுமைக் கதிர், மரங்கள், தண்ணீர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் நான் எப்போதும் பலன் சொல்வேன். பதவி வந்ததும் நாம் மாட்டிக்கொள்ளும் கவசத்தைத்தான் உன் சீட்டு காட்டுகிறது. யாருக்கு என்ன வேலை, லீவு யாரிடம் கேட்பது, கடைசி முடிவு யாருடையது என்பதை நாளைக்கே தெளிவாகச் சொல்லிவிடு. அங்கே தயக்கமே கூடாது. ஆனால் மூத்தவர்களிடம் போய், "இதை இவ்வளவு நாள் எப்படிச் செஞ்சீங்க?" என்று கேள். பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே.

கே: டாரட் சீட்டு எகிப்திலிருந்து வந்ததாமே?
- வாசகர், திருச்சி

ப: இல்லை ஐயா. 1781-ல் பாரிஸில் கூர் த ஜெபலின் என்பவர் கிளப்பிவிட்ட கதை அது. உண்மையில் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலிப் பிரபுக்கள் ஆடிய சீட்டாட்டம் இது. மிலன் நகரின் விஸ்கோன்தி-ஸ்ஃபோர்ஸா சீட்டுக்கட்டில் எம்பரரின் பெரிய தொப்பியில் ஒரு கருங்கழுகு இருக்கும். அது புனித ரோமப் பேரரசரின் சின்னம்.

இந்த ராஜாவுக்கே ஒருமுறை பதவி போனது! 1725-ல், போப்பின் ஆட்சியில் இருந்த பொலோன்யா நகரில் ஒரு பாதிரியார் பூகோளப் பாடம் அச்சிட்ட டாரட் கட்டு ஒன்றை வெளியிட்டார். அதில் பொலோன்யாவைக் கலப்பு ஆட்சி, அதாவது போப்பும் நகரமும் பங்கிட்டு ஆள்வது, என்று குறித்திருந்தார். போப்பின் அதிகாரிகளுக்குக் கோபம் வந்து அவரைக் கைது செய்தார்கள். அதோடு விடாமல் சக்கரவர்த்தி, மகாராணி, போப், பெண் போப் நான்கு சீட்டுகளையும் நீக்கி, நான்கு மூர் (வட ஆப்பிரிக்க முஸ்லிம்) வீரர்களைப் போடச் சொன்னார்கள். பொலோன்யாக்காரர்கள் இன்றும் அந்த மூர்களை வைத்துத்தான் ஆடுகிறார்கள்.