தேங்கிய சரக்கை நட்டத்துக்கு விற்கலாமா?
விற்காமல் தேங்கிய சரக்கை வாங்கிய விலைக்கும் குறைவாக விற்றுவிடலாமா, நல்ல விலை வரும் வரை காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், எது உண்மையிலேயே மிகுதி என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரு பொருளின் கையிருப்பை அதன் மாதச் சராசரி விற்பனையால் வகுத்தால், அது எத்தனை மாதங்களுக்குப் போதும் என்பது தெரியும். 120 உருப்படிகள் இருந்து மாதம் 10 மட்டுமே விற்றால், ஓராண்டுச் சரக்கு உங்கள் அலமாரியில் முடங்கியிருக்கிறது என்று பொருள்.

பலர் தவறுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். வாங்கிய விலை ஏற்கெனவே செலவாகிவிட்ட பணம். இன்று நீங்கள் எடைபோட வேண்டியவை, இப்போது கிடைக்கும் தொகையை வேகமாக விற்கும் பொருளில் போட்டால் வரக்கூடிய லாபமும், காத்திருப்பதால் கூடிக்கொண்டே போகும் இடவாடகை, கடன் வட்டி, சேதம், காலாவதி ஆகியவையுமே. இப்படிப் பார்த்தால், நட்டத்துக்கு விற்பதுகூடப் பல நேரங்களில் சரியான முடிவாகவே இருக்கும். பன்னாட்டுக் கணக்கியல் தரமான ஐஏஎஸ் 2-உம், சரக்கின் அடக்கவிலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதையே கணக்கில் காட்டச் சொல்கிறது.

விலையைக் குறைப்பதற்கு முன், மொத்த வியாபாரி சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா அல்லது வேறு பொருளாக மாற்றித் தருவாரா என்று தயங்காமல் கேளுங்கள். அது நடக்காவிட்டால், நன்றாக விற்கும் பொருளோடு சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். அதன் பிறகு படிப்படியான தள்ளுபடி. தள்ளுபடியைச் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: பருவம் முடியும் முன் 20 விழுக்காடு குறைத்தால் போகும் பொருள், முடிந்த பின் பாதி விலைக்கும் போகாமல் நிற்கக்கூடும். கையிருப்பு தீரும் வரை அந்தப் பொருளை மறுபடியும் வாங்காதீர்கள்.